மஞ்சள் நாடாவின் கதை

போன மாதம் நம் கரையில் ஓடும் ஃபைபர் படகுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். படகுச் சாமான் கடை ஒன்றில் மஞ்சள் நிறத்தில் சுருள் சுருளாக ஒரு நாடா விற்கிறதாம். "குண்டு துளைக்காத சட்டை செய்கிற சரக்கு சார் இது, வெடித்த இடத்தில் ஒட்டிவிட்டால் படகு இனி உடையவே உடையாது" என்றாராம் கடைக்காரர். விலை சாதாரண மேட்டைப் போலப் பல மடங்கு. மகனுடைய படகுக்கு வாங்கலாமா என்பது நண்பரின் கேள்வி.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரிய வேண்டுமானால் இந்த நாடாவின் அறுபது ஆண்டுக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதை கொஞ்சம் நீளம். ஆனால் சுவையானது.

ஃபைபர் என்று நாம் சுருக்கிச் சொல்லும் பொருள் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். அந்தக் காலத்தில் மண் சுவர் வைக்கிறவர்கள் மண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதிப்பதை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். மண் பாரத்தைத் தாங்கும். வைக்கோல் வெடிப்பு விடாமல் இழுத்துப் பிடிக்கும். இரண்டில் எது ஒன்று தனியாக இருந்தாலும் சுவர் நிற்காது. ஃபைபர் படகிலும் இதே சங்கதிதான். மண்ணுக்குப் பதில் ரெசின், வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை. அமெரிக்காவில் 1930களில் கண்ணாடியை மெல்லிய இழையாக நூற்கும் தொழில் வளர்ந்தது. 1940களில் அதை ரெசினில் தோய்த்துப் படகு செய்தார்கள். நம் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த இடத்தில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான் வந்து நின்றன.

இன்னொரு சின்ன விஷயம். இரண்டு கல்லின் மேல் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு நடுவில் ஏறி நில்லுங்கள். பலகை கீழே வளையும். அப்போது மேல்பக்கம் சுருங்கப் பார்க்கும், அடிப்பக்கம் நீளப் பார்க்கும். அதாவது மேலே அமுக்கம், கீழே இழுப்பு. பலகை முறிந்தால் வழக்கமாக அடிப்பக்கத்தில்தான் முதலில் விரிசல் விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நாடாவின் கதை முழுவதும் இந்தப் பலகையில்தான் இருக்கிறது.

இப்போது கதைக்கு வருவோம். ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண்மணி 1923இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். போலந்திலிருந்து குடியேறிய குடும்பம். பத்து வயதில் தந்தையை இழந்தார். மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. படிப்புக்குப் பணம் சேர்க்கலாம் என்றுதான் 1946இல் டுபாண்ட் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனார். அங்கே அவரைப் பேட்டி கண்ட ஹேல் சார்ச், இரண்டு வாரத்தில் முடிவு சொல்வதாகச் சொன்னார். வேறொரு கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சீக்கிரம் சொல்ல முடியுமா என்று இந்த அம்மாள் கேட்டார். சார்ச் உடனே காரியதரிசியை அழைத்து, அவர் எதிரிலேயே வேலைக் கடிதத்தைச் சொல்லி எழுத வைத்தாராம். பெண்களுக்கு ஆய்வுக்கூட வேலை கிடைப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. சேர்ந்தவர் நாற்பது ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்தார். மருத்துவப் படிப்பை மறந்தே போனார்.

1964இல் அவருடைய குழுவுக்கு ஒரு வேலை வந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு வரலாம், அதனால் கார் டயரை லேசாக ஆக்க வேண்டும். டயருக்குள் வைக்க எடை குறைந்த, வலுவான இழை ஒன்று வேண்டும் என்றார்கள். வழக்கமாக இழை நூற்கும் கரைசல் பாகு போலக் கெட்டியாகவும் தெளிவாகவும் இருக்கும். குவோலெக்குக்குக் கிடைத்ததோ தண்ணீர் போல ஓடியது, கலங்கலாகவும் இருந்தது. பார்க்க மோர் மாதிரி இருந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் கெட்டுப் போய்விட்டது என்று கொட்டியிருப்பார்கள். இழை நூற்கும் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டவர் சார்லஸ் ஸ்மல்லன். துகள்கள் சேர்ந்து இயந்திரத்தின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று அவர் நூற்க மறுத்துவிட்டார். குவோலெக் கரைசலை வடிகட்டிப் பார்த்தார். கலங்கல் போகவில்லை, அப்படியானால் அது அழுக்கு இல்லை. விடாமல் கேட்டு ஸ்மல்லனை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். இயந்திரம் அடைக்கவில்லை. வந்த இழை அதுவரை அவர்கள் கண்ட எதையும் போல இல்லை. சோதனைக்கூடத்தில் ஏதோ பிசகு என்று நினைத்து, அதே இழையைத் திரும்பத் திரும்பச் சோதிக்கக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களிடமே வாயைத் திறந்தார்.

காரணம் இதுதான். சாதாரணக் கரைசலில் மூலக்கூறுகள் சிக்கு விழுந்த நூல்கண்டு போலக் கிடக்கும். இந்தக் கரைசலில் அவை விறைப்பான குச்சிகளாக, ஆற்றில் மிதந்து வரும் மூங்கில் கழிகள் போல ஒரே திசையில் அணிவகுத்து நின்றன. அந்த அணிவகுப்பு ஒளியைச் சிதறடித்ததால்தான் கரைசல் மோர் போலத் தெரிந்தது. இழையாக இழுத்தபோது கழிகள் எல்லாம் நீளவாக்கில் இறுக்கமாக அடுக்கிக்கொண்டன. இந்த வகை இழைகளுக்கு அராமிட் என்று பெயர். டுபாண்ட் வைத்த வணிகப் பெயர் கெவ்லார். 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைப் போல ஐந்து மடங்கு இழுவிசையைத் தாங்கும் என்று சொல்வார்கள். பிறகு நெதர்லாந்தில் இதே வகை இழை ட்வாரான் என்ற பெயரில் வந்தது. இரண்டு கம்பெனிகளும் காப்புரிமைக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறின.

இந்த இழைக்கு ஏன் அத்தனை வரவேற்பு? அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி ஆர்பி211 என்ற புதிய ஜெட் என்ஜினுக்கு முன்புற விசிறி இறக்கைகளைக் கார்பன் இழையில் செய்தது. எடை குறைவு, விறைப்பு அதிகம், எல்லாம் சரி. பறக்கும்போது பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்க, 1970இல் ஓடும் விசிறிக்குள் கோழியைச் சுட்டுச் சோதித்தார்கள். இறக்கைகள் சிதறிப் போயின. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு ஏறிக்கொண்டே போய், 1971 பிப்ரவரியில் அந்தப் பெரிய கம்பெனியே திவாலாகி அரசாங்கம் கையில் எடுத்தது. விசிறி மட்டுமே காரணம் இல்லைதான். ஆனால் கார்பன் இழை வலுவானது, அடிபட்டால் சட்டென்று முறிவது என்ற பாடத்தை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். அராமிட் அப்படி முறியாது. நார் நாராகப் பிரிந்து, இழுபட்டு, அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பனைமட்டையை முறிக்க முயன்று பார்த்தவர்களுக்கு இது புரியும். அது ஒடிந்த பிறகும் நார் விடாது.

இதுவரை கடைக்காரர் சொன்ன பாதி. இனி மீதி.

நீளவாக்கில் அணிவகுத்த அந்தக் கழிகள் இழுத்தால் தாங்குகின்றன. அமுக்கினால்? உள்ளுக்குள் மடங்கிவிடுகின்றன. அராமிட் இழையைப் பதித்த ரெசின் பலகை, இழுப்பில் தாங்குவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் அமுக்கத்தில் தாங்கும். கண்ணாடி இழைக்கும் கார்பனுக்கும் இந்தக் குறை இவ்வளவு கிடையாது. தவிர, அராமிட் ஈரத்தை உறிஞ்சும்; கண்ணாடி உறிஞ்சாது. வெயில் பட்டால் நாளடைவில் வலு இழக்கும். பொன் மஞ்சள் பழுப்பாக மாறும். நாம் பட்டறைகளில் சாதாரணமாக ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின் இதன்மேல் அவ்வளவாகப் பிடிக்காது; எபாக்ஸி பிடிக்கும். சாதாரணக் கத்தரிக்கோல் இதை வெட்டாது, மெல்லும். அதற்கென்று பல்வைத்த கத்தரி வேண்டும். காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டால் வழவழப்பு வராது, பூனை முடி போலச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

இந்தக் குணங்களைச் சாதாரண மனிதர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட இடம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஏரிக்கரைகள். கனடா எல்லையை ஒட்டி அங்கே ஆயிரக்கணக்கில் ஏரிகள். ஒரு ஏரியில் துடுப்புப் போட்டுப் போய், கரை ஏறி, ஓடத்தைத் தோளில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு காட்டு வழியே நடந்து, அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானக் கம்பெனியான க்ரம்மன் அலுமினிய ஓடம் செய்து விற்றது. பதினேழு அடி ஓடம் 34 கிலோ அளவில் இருக்கும். கெவ்லாரில் செய்த ஓடம் அதே நீளத்துக்கு 20 கிலோவுக்குள் வந்துவிட்டது. தோளில் சுமக்கிறவனுக்கு 14 கிலோ என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் ஓடத்தின் இரண்டு நுனிகளும் ஒவ்வொரு கரையிலும் கல்லிலும் மணலிலும் உரசித் தேய்ந்தன. அதற்கு மருந்தாக, கம்பளி போன்ற கெவ்லார் பட்டையை ரெசினில் ஊற வைத்து நுனியின் வெளிப்பக்கம் ஒட்டினார்கள். பட்டை உழைத்தது உண்மை. ஆனால் தடிப்பாக, ரெசினை ஏராளமாகக் குடித்து, எடையைக் கூட்டியது. தேய்ந்த இடத்தில் நார் நாராகச் சிலிர்த்து நீரோட்டத்தை இழுத்துப் பிடித்தது. காலப்போக்கில் தேர்ந்த பழுது பார்ப்பவர்கள் ஒரு முறைக்கு வந்து சேர்ந்தார்கள். அது இதுதான்: வெளியே கண்ணாடி இழை, உள்ளே கெவ்லார்.

ஏன் என்பதற்கு நம் பலகையிடம் போவோம். ஓடம் பாறையில் மோதும்போது அடி வெளியிலிருந்து வருகிறது. சுவர் உள்நோக்கி வளைகிறது. வெளிப்பக்கம் அமுங்குகிறது, உள்பக்கம் நீளுகிறது. இழுப்பைத் தாங்கப் பிறந்த இழைக்கு உரிய இடம் இழுபடும் உள்பக்கம். அங்கே வெயிலும் படாது, உரசலும் இல்லை. வெளிப்பக்கத்துக்கு அமுக்கத்தையும் தேய்மானத்தையும் தாங்கும், தேய்ந்தால் மறுபடியும் உப்புத்தாள் போட்டு ஒட்டக்கூடிய கண்ணாடி இழை. ஒரே நாடா, ஒரே ரெசின், ஒரே கைவேலை; பக்கம் மாறினால் பலன் மாறிவிடுகிறது.

ஆகாயத்திலும் இதே பாடம்தான். ஜெட் என்ஜினின் விசிறி இறக்கை ஒன்று கழன்றால் துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். அது பயணிகள் பக்கம் வரக்கூடாது. இதற்காகப் பல என்ஜின்களில் விசிறிக் கூண்டின் வெளிப்புறத்தைச் சுற்றி அராமிட் துணியைப் பல சுற்று சுற்றி வைக்கிறார்கள். இங்கே அடி உள்ளிருந்து வருகிறது. ஆகவே துணி வெளியே. இறக்கை உலோகக் கூண்டைக் கிழித்தாலும் வெளியே சுற்றிய துணி வலை போல இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். அடி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு மறுபக்கம் இந்த இழைக்கு இடம்.

கான்கார்ட் விமானத்தின் கதை நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் கான்கார்ட், முன்பு புறப்பட்ட வேறொரு விமானத்திலிருந்து விழுந்து கிடந்த உலோகப் பட்டையின்மேல் ஏறியது. டயர் வெடித்தது. நாலரை கிலோ எடையுள்ள டயர் துண்டு இறக்கையின் அடியில், எரிபொருள் தொட்டி இருக்கும் இடத்தில் மோதியது. துண்டு நேராகத் துளைக்கவில்லை. நிறைந்திருந்த எரிபொருள் அந்த அடியில் உள்ளே அலைபோல எழும்பி, வேறொரு இடத்தில் தகட்டை உள்ளிருந்து வெளியே பிய்த்துத் தள்ளியது. கொட்டிய எரிபொருள் தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 109 பேரும், அது விழுந்த ஊரில் ஒரு ஓட்டலில் இருந்த 4 பேரும் மாண்டார்கள்.

அதற்குப் பிறகு மிஞ்சிய விமானங்களை எப்படிச் சரிசெய்வது என்ற கேள்வி. இறக்கைத் தகட்டைத் தடிப்பாக்கினால் எடை ஏறும். வெளியே எதையும் ஒட்ட முடியாது. ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிற விமானத்துக்கு மேற்பரப்பு அப்படியே இருந்தாக வேண்டும். ஆகவே தொட்டிகளின் உட்புறத்தில் கெவ்லாரும் ரப்பரும் சேர்ந்த விரிப்புகளைப் பொருத்தினார்கள். தகடு கிழிந்தாலும், எரிபொருளின் அழுத்தமே விரிப்பைத் துளையின்மேல் தள்ளி அடைக்கும். கசிவு முற்றிலும் நிற்காவிட்டாலும் தீ மூளும் அளவுக்குப் பெருகாது. இறுக்கமான தொட்டிகளுக்குள் ஆட்கள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்து ஒவ்வொன்றாகப் பொருத்திய வேலை அது. சிதறாத புது வகை டயரும் போட்டு, 2001 நவம்பர் 7 அன்று கான்கார்ட் மறுபடியும் பயணிகளை ஏற்றியது. ஆனால் கூட்டமும் வருமானமும் பழையபடி வரவில்லை. 2003இல் நிறுத்தியே விட்டார்கள். பழுது பார்த்த வேலை பிழைக்கவில்லை, பிழைப்புத்தான் போய்விட்டது.

நம் நாட்டிலும் இந்த இழைக்கு ஒரு பெருமையான இடம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாவது கட்டத்தில், எரிபொருளைத் தாங்கும் கூடு அராமிட் இழையால் ஆனது. ரெசினில் தோய்த்த இழைப் பட்டையை, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல ஒரு அச்சின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிச் செய்வார்கள். உள்ளே எரியும் வாயு எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும்போது, கூட்டுக்கு முக்கியமாக வருவது இழுப்பு. இந்த இழைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. 1994இல் வெற்றி பெற்ற அந்த ராக்கெட்தான் 2008இல் சந்திரயானையும் கொண்டு போனது.

அப்படிப் பொருத்தமான வேலையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலங்களில் உயர் அழுத்த வாயுவை வைக்கும் கலங்கள் உலோகத்தின்மேல் கெவ்லார் சுற்றியவை. ஆண்டுக் கணக்கில் அழுத்தத்திலேயே வைத்திருந்தால், வெளிப் பார்வைக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் ஒருநாள் இழை திடீரென்று அறுந்துபோகலாம் என்பது ஆய்வுகளில் தெரிந்தது. கலங்கள் வயதாகிவிட்ட கடைசி ஆண்டுகளில் நாசா இதை மறுபடியும் ஆராய வேண்டிவந்தது. இரும்பு துருப் பிடித்துக் காட்டும், மரம் உளுத்துக் காட்டும். இது முகத்தில் எதையும் காட்டாது.

இனி நண்பரின் கேள்வி. அவர் மகனின் படகு தினம் டிராக்டரில் கட்டி மணலில் இழுக்கப்படுவது. அடிப்பாகம் தேய்ந்து, ஜெல்கோட் போய், மேட் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். அது தேய்மானம். அதற்கு வெளிப்பக்கம் மஞ்சள் நாடாவை ஒட்டுவது பணத்தை மணலில் தேய்ப்பதற்குச் சமம். சுற்றிலும் சரிவாகத் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவைத்து, நல்ல கண்ணாடி மேட் அடுக்குகளைப் போட்டால் போதும். அடுத்த வருடம் தேய்ந்தால் மறுபடியும் போடலாம். தேய்வதற்கென்றே இருக்கும் அடுக்கு அது.

அலையில் தூக்கி எறியப்பட்டு முன்பக்கம் விரிசல் விட்டிருக்கிறதென்றால் விஷயம் வேறு. அங்கே உள்பக்கம், விரிசலுக்குக் குறுக்காக, எபாக்ஸியில் தோய்த்த அராமிட் நாடா உண்மையிலேயே உதவும். ஆனால் உள்ளே தளமோ காற்றறையோ மூடியிருந்தால் அதைத் திறக்க வேண்டும். நாடா ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடி மேட்டில் ரெசின் ஊறியதும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும், உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் தெரியும். இது கடைசிவரை மஞ்சளாகவே இருக்கும், குமிழியைக் காட்டாது. ஆகவே ரோலர் போடுகிறவருக்குப் பொறுமை வேண்டும். இன்னொன்று: எபாக்ஸி போட்ட இடத்தின்மேல் பிற்பாடு சாதாரண பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. அந்த இடத்தைத் தொடுகிற அடுத்த ஆளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது சுருளின் வெளிச்சுற்றை விரித்து உள்சுற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே பழுப்பாகவும் உள்ளே பளிச்சென்று மஞ்சளாகவும் இருந்தால் அது வாசலில் வெயிலில் தொங்கிய சரக்கு, வேண்டாம்.

குவோலெக் அம்மையார் 2014 ஜூனில், தொண்ணூறு வயதில் காலமானார். காப்புரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால் விற்பனையில் அவருக்குப் பங்கு இல்லை. உயிர் தப்பிய காவலர்கள் நன்றி சொன்னதைத்தான் பெரிதாக நினைத்தார். அவர் இழை குண்டு துளைக்காத சட்டையில் உயிரைக் காப்பது, அங்கே அதற்கு இழுபடும் வேலை கொடுத்திருப்பதால்தான்.

படகில் நாலு பேர் நடுக்கடலுக்குப் போகிறார்கள். நாடாவின் பெயரைக் கேட்டு யாரும் தைரியம் கொள்ள வேண்டாம். பட்டறைக்காரரிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எந்தப் பக்கம் ஒட்டப் போகிறீர்கள், எந்த ரெசினில்? பதில் தடுமாறினால் வேறு பட்டறை பார்க்கலாம்.